சைக்காலின் குதிரையில்லாத படம்

1

இந்தக் கதை என் வெட்கத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நழுவ முடியாது.

கரகோல் நகர ஓவியர் சங்கத்தில் நாங்கள் இருபத்து மூன்று பேர். ஆண்டுக் கண்காட்சிக்கு வரும் படங்களில் பெயர்மேல் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் நடுவர் மூவரும் பார்ப்போம். (மறைத்து என்ன பயன்? யார் கை என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் நடுவர் வேலை.)

2

முதல் தொடக்கம்: ‘ஏரியிலிருந்து குளிர்காற்று வீசிய அந்தக் காலையில்...’ வேண்டாம். காற்றின்மேல் பழிபோடப் பார்க்கிறேன்.

இரண்டாவது: ‘நடுவர் ஒருவர் தவறு செய்தார்.’ அவருக்கு வழுக்கையும் கெட்ட குணமும் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் நான்தான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

முப்பது வருடமாகக் குதிரையே வரைந்த சைக்கால் அக்கா, இந்த முறை காலி லாயத்தை வரைந்திருந்தாள். அவளுடையது என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

“யாரோ புதுசு. சைக்கால் அக்கா நிறத்தைச் சுட்டிருக்காங்க,” என்றேன் நான். மற்ற இருவரும் சிரித்தார்கள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். திருப்பினால் நிராகரிப்பு.

போன வருடமும் அவள் படத்தைத் திருப்பினோம், குதிரை அலுத்துவிட்டது என்று. தொடர்ந்து இருமுறை திரும்பினால் உறுப்பினர் பதவி போய்விடும். சங்கக் கட்டடத்தில் அவள் வரையும் அறையும் போய்விடும்.

காகிதத்தைப் பிரித்து அவள் பெயரைக் கண்ட பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கொக்கியில் கடிவாளம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. குதிரை இப்போதுதான் வெளியே போயிருக்கிறது.

4

அவள் அறைக்கு ஓடினேன். மூட்டை கட்டியிருப்பாள் என்று நினைத்தேன். (முதல் வரைவில் அழவும் வைத்திருந்தேன்.) அவளோ சட்டத்தில் புதுத் துணியை இழுத்து ஆணியடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஓரமா ஒரு குதிரை போட்டிருந்தா...”

“போன வருஷம் குதிரை ஏன்னீங்க. இந்த வருஷம் குதிரை எங்கங்கிறீங்க. நடுவரா நீங்க, குதிரைத் தரகரா?”

“நடுவர் யாராவது மறுபடி பாக்கணும்னு கேட்டா, சங்கமே ஓட்டுப் போடலாம்...”

“யாராவது என்னடா யாராவது? நீ கேளு எர்னிஸ். ‘படத்தைப் பாக்கல, ஆளைத் தேடினேன்’னு எல்லார் முன்னாடியும் சொல்லு. இப்ப இந்த மூலையை இழுத்துப் பிடி.”

பிடித்தேன்.

5

முடிவு அ: சொல்கிறேன், படம் தொங்குகிறது, எல்லாரும் புளித்த குதிரைப்பால் குமிஸ் குடிக்கிறோம். முடிவு ஆ: சொல்கிறேன், அவர்கள்...

இரண்டையும் கிழித்துவிட்டேன். சொல்லாமல் விடும் முடிவை மட்டும் எழுதவே இல்லை, எழுதப்போவதும் இல்லை.

சங்கக் கூட்டம் பத்து மணிக்கு. மூன்றாம் பகுதியை ஒரு சொல் மாற்றாமல் வாசிப்பேன். பிறகு கை தூக்குவது கேட்டவர்கள் பாடு. நீங்களும் கேட்டுவிட்டீர்கள்.