சிறுத்தைக்குட்டியிடம் பேசியவர்

அந்த வனவிலங்குக் காப்பகத்தில், சிறுத்தைக்குட்டியின் கூண்டருகே யாரும் வாய் திறக்கக் கூடாது. இறைச்சியைத் தகரக் கதவின் அடியில் தள்ளிவிட்டு, முகம் காட்டாமல் திரும்பிவிட வேண்டும். மனிதக் குரல் கேட்டால் இரை வரும் என்று பழகிவிட்டால், காட்டில் விட்டதும் அது ஊரைத் தேடி வரும். அப்புறம் துப்பாக்கிதான்.

இருபது வருடமாக அங்கே இரை போடும் பெரியவருக்கு இது தெரியாதா? ஆனால் தாயை இழந்து வந்த குட்டி மூன்று நாள் எதையும் தொடவில்லை. நாலாம் நாள் மனசு கேட்காமல், "சாப்பிடுடா தங்கம்" என்றார். தின்றது. பிறகு தினமும் சொன்னார்.

காட்டில் விடுவதற்கு முன் இன்று சோதனை. புது ஆள் ஒருவரை வேலியோரம் பேசிக்கொண்டே நடக்க வைத்தார் மருத்துவர். குட்டி மிரண்டு ஓட வேண்டும். அதுவோ ஓடிவந்து வேலியில் கன்னத்தை உரசியது.

"இதுகிட்ட பேசினது யாரு?"

எல்லோர் கண்ணும் பெரியவரின் மச்சான் மேல் போனது. அங்கேயே வேலை பார்க்கும் அவன் வாய் ஓயாதவன்.

"என் வாய்க்குப் பூட்டு போட எங்க அக்காவாலயே முடியல டாக்டர்" என்று அசடு வழிந்தான்.

"சிரிக்காதீங்க. இனிமே இது ஆயுசுக்கும் கம்பிக்குள்ளதான். நீங்க நாளையிலிருந்து வர வேணாம்."

பெரியவர் வாளி கழுவும் இடத்தில் மச்சானைப் பிடித்தார்.

"நீ ஏன்டா பழியை ஏத்துக்கிட்ட?"

"ஆறு மாசமா காதுல விழுதே மாமா! எங்க அக்காவைக்கூட நீங்க தங்கம்னு கூப்பிட்டதில்ல. நீங்க ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கு. விடுங்க."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நேரே மருத்துவரிடம் போனார்.

"நான்தாம்மா பேசினேன். அவனை அனுப்பாதீங்க."

"பாசம்னு நினைச்சீங்க. அதோட காட்டைப் பிடுங்கிட்டீங்க."

"சரி பண்ண வழியே இல்லையா?"

"எந்தக் குரலை நம்புச்சோ அதே குரல் விரட்டணும். தினமும். முடியுமா?"

மறுநாள் காலை தகர டப்பாவோடு போனார். காலடி கேட்டதும் குட்டி துள்ளி வந்தது. 'ஆண்டவனே, இது என்னை வெறுக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டார். டப்பாவைத் தட்டி மிரட்ட மனம் வரவில்லை. பின்னால் வந்த மச்சான் டப்பாவை வாங்கிக்கொண்டான்.

"தட்டுறதை நான் பார்த்துக்கறேன். நீங்க கத்துங்க மாமா."

"போ!" என்று கத்தினார். காதை மடக்கிக்கொண்டு குட்டி புதருக்குள் பாய்ந்தது.

நாக்கு நுனிவரை வந்த "தங்கம்" என்ற சொல்லை அவர் விழுங்கிக்கொண்டார்.