நாலு சக்கரமும் சமம்

என் வீட்டுக்காரரிடம் பஞ்சாயத்துக்குப் போனவர்கள் யாரும் இரண்டாம் முறை போனதில்லை. மாடிப்படியில் யார் பூந்தொட்டி வைப்பது என்று எதிர்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் சண்டை வந்தபோது, இரண்டு வீட்டுத் தொட்டிகளையும் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, "இப்ப யாருக்கும் வருத்தமில்லையே?" என்று கேட்டார். இரண்டு வீட்டுக்கும் வருத்தம்தான். ஆனால் சமமான வருத்தம். எங்கள் பெண்களுக்குக் கேக் வெட்டும்போதும் இதே கதைதான். பெரியவளின் துண்டு பெரிதாகிவிட்டால் சின்னவளுக்கு இன்னும் கொஞ்சம் வைக்க மாட்டார்; பெரியவளுடையதில் ஒரு வாய் தின்றுவிடுவார். இப்போது சின்னவளுடையது பெரிதாகத் தெரியும். அதிலும் ஒரு வாய். நியாயம் கிடைப்பதற்குள் தட்டு காலியாகிவிடும்.

இத்தனையும் தெரிந்தும் கார் சாவியை அவரிடம் கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு எனக்கு உயிர் போகிற காரியம். வீட்டு அடுப்படியில் கேக் செய்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு, ஊரிலேயே பெரிய விருந்து மண்டபத்திலிருந்து முதல் ஆர்டர் வந்திருந்தது. மண்டபத்து மேனேஜர் அம்மாள் போனில் கறாராகப் பேசினாள். "அலங்காரமெல்லாம் உங்க இஷ்டம். ஒழுங்கா வந்து சேர்ந்தா இனிமே எங்க எல்லா விருந்துக்கும் நீங்கதான். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." இரண்டடுக்குச் சதுரக் கேக் செய்தேன். நாலு பக்கமும் கிரீம் ரோஜா. பிழிந்து பிழிந்து மணிக்கட்டு விட்டுப்போனது.

கேக்கை ஏற்றலாமென்று காரைக் கிளப்பினால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. குதிரை லாடம் மாதிரி ஒரு படம், அதன் நடுவில் ஆச்சரியக்குறி. ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஏங்க, விளக்கு எரியுது. என்னன்னு போய்ப் பாருங்க."

"நீ கேக்கப் பாரு. விளக்க நான் பாத்துக்கறேன்," என்றார்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். டயரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மனிதர் சொல்லவே இல்லை.

சற்று நேரத்தில் விரலெல்லாம் கறுப்போடு திரும்பி வந்தார். "அணைஞ்சிடுச்சு," என்றார். எட்டிப் பார்த்தேன். விளக்கு இல்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. பின்சீட்டை மடக்கிப் போட்டு, கேக் பெட்டியை இரண்டு பேருமாக ஏற்றினோம். நான்தான் ஓட்டினேன்.

முதல் வேகத்தடையில் கார் மெத்தைமேல் ஏறி இறங்குகிற மாதிரி இறங்கியது. "பரவாயில்லையே, அலுங்காம குலுங்காம போகுதே!" என்றேன். அவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். ஸ்டியரிங் மட்டும் கெட்டி மாவைப் பிசைவது போலக் கனத்தது. எனக்குத்தான் கை ஓய்ந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரவுண்டானாவில் திருப்பினேன். நான் ஒரு பக்கம் திருப்பினால் கார் யோசித்து யோசித்து இன்னொரு பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம்.

அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். பெட்டி சறுக்கிப்போய் பக்கச் சுவரில் மோதியிருந்தது. கேக் நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் ஒரு பக்கத்து ரோஜா முழுக்கச் சட்னி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. காற்றுக் குழாயை இழுத்து முதல் டயரில் மாட்டினேன். முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு. அடுத்ததும் பதினெட்டு. மூன்றாவதும், நாலாவதும் அதேதான், சொல்லிவைத்த மாதிரி.

"என்னங்க இது?"

"நாலும் சமமா இருக்கா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"கோவப்படாம கேளு. நம்ம காருல டயருக்குள்ள காத்த அளக்கற கருவியே கிடையாது. புத்தகத்துல போட்டிருக்கான், நான் வரி விடாம படிச்சிருக்கேன். காத்து குறைஞ்ச சக்கரம் கொஞ்சம் சின்னதாயிடும். சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு ஜாஸ்தி சுத்தணும். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்துலயும் வேகத்த அளக்கற சென்சார் இருக்குல்ல, அத வச்சு எவன் மத்த மூணு பேரவிட வேகமா சுத்தறான்னு பாத்து விளக்கப் போடுது. அதாவது அதுக்குக் காத்து முக்கியமில்ல. வித்தியாசம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அதனால?"

"காத்தளக்கற கேஜ வச்சுப் பாத்தேன், பின்சக்கரம் ஒண்ணுல பதினெட்டு இருந்துது. மத்த மூணையும் பதினெட்டுக்கு இறக்கினேன்."

கையிலிருந்த காற்றுக் குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"காத்து அடிக்கணும்னா இவ்வளவு தூரம் வரணும்மா. இறக்கறதுக்கு ஒரு குச்சி போதும். அப்புறம் 'இதுதான் சரியான அளவு'ன்னு பட்டன அமுக்கி அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். சும்மா பட்டன மட்டும் அமுக்கியிருந்தா அது பித்தலாட்டம். நான் நியாயமா செஞ்சுட்டுதான் அமுக்கினேன்."

"நாலும் ஒண்ணா நாசமாப் போனா நியாயமா?"

"விளக்கு அணைஞ்சுதா இல்லையா?"

பங்க் என்றும் பார்க்காமல் கத்தினேன். கத்திக்கொண்டே நாலு டயருக்கும் காற்றடித்து, அந்தப் பாழாய்ப்போன பட்டனை மறுபடி அமுக்கி, ஊர்ந்து ஊர்ந்து மண்டபம் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கேக் மேசையைக் கூடத்துக்கு நட்டநடுவில் போட்டிருந்தார்கள். நசுங்கிய பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைக்கலாமென்றால், சுவரே இல்லை. சுற்றிலும் நாற்காலி. கையோடு கொண்டுவந்த கிரீம் பத்து ரோஜாவுக்குக்கூடக் காணாது. வாசல் பக்கம் மேனேஜர் அம்மாளின் குரல் கேட்டது. உள்ளேதான் வந்துகொண்டிருந்தாள்.

கத்தியை எடுத்தேன். நசுங்கிய பக்கத்தை மழமழவென்று வழித்தேன். பிறகு, நல்ல ரோஜாக்கள் பூத்து நின்ற பக்கத்தை ஒரு கணம் பார்த்தேன். அதையும் வழித்தேன். அடுத்ததையும், அதற்கடுத்ததையும். நாலு பக்கமும் மொட்டை.

மேனேஜர் அம்மாள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நல்லா நறுவிசா இருக்கு. எல்லாரும் பூவா அப்பிக் கொண்டாந்து வைக்கறாங்க. அடுத்த விருந்துக்கும் இதே மாதிரியே செஞ்சுடுங்க."

"சரிங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். வீடு வந்து சேரும்வரை வாயையே திறக்கவில்லை, பாவி மனிதர்.