மூன்றாவது கிண்ணம்

ஆவியில் வெந்த மீன்மேல் சுடச்சுட எண்ணெயை ஊற்றிவிட்டு, லாய்-குவான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மடக்கு மேசையில் மூன்று கிண்ணம் சோறு. ஒன்று அவளுக்கு, ஒன்று சுங்-ஹின்னுக்கு, மூன்றாவது அவள் கணவருக்கு. அவர் செத்து இன்று நாற்பத்தொன்பதாம் நாள், செத்தவருக்குச் சோறு வைக்கும் கடைசி நாள். நாளை முதல் அந்தக் கிண்ணம் கிடையாது. சுங்-ஹின்னும் கிடையாது, காலை விமானத்தில் மான்செஸ்டருக்குப் போகிறான். இது அவர்களுடைய கடைசி மதியச் சாப்பாடு.

பெரியவர்களை ஒவ்வொருவராக உறவு சொல்லி, 'சாப்பிடுங்க' என்று கூப்பிடாமல் பிள்ளைகள் சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் வைக்கக் கூடாது. அந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். மூத்த தாரம் செத்த பிறகு ஒன்பது வயதில் இவள் கைக்கு வந்த சுங்-ஹின், அப்பாவை மட்டும் கூப்பிடுவான். இவள் முறை வரும்போது வாய் நிறையச் சோறு இருக்கும். கெட்டிக்காரன். அப்பா ஆரம்பத்தில் கையில் இரண்டு போட்டுப் பார்த்தார். "விடுங்க, ஒருநாள் தானாக் கூப்பிடுவான்" என்று தடுத்தது இவள்தான். அந்த ஒருநாள் பத்தொன்பது வருடமாக வரவில்லை.

இன்று மேசையில் வேறு ஆள் இல்லை. கூப்பிட்டால் இவளைத்தான் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு தடவை, 'சித்தி' என்றாவது. வெட்கத்தை விட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுங்-ஹின் குச்சியை எடுத்தான். இவளைத் தாண்டி மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்தான்.

"அப்பா, சாப்பிடுங்க."

தன்னை அறியாமல் இவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ம், சாப்பிடு, சாப்பிடு."

"உங்களச் சொல்லல."

"தெரியுது. அவருக்குப் பதிலாச் சொன்னேன். கூப்பிட்ட பிள்ளைக்கு யாராச்சும் பதில் சொல்லணுமில்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான், மீனில் பாதி காலி. மானங்கெட்ட மனசு அதற்கும் கொஞ்சம் சந்தோஷப்பட்டது.

எழுந்து போகும்போது வழக்கப்படி, "அப்பா, மெதுவாச் சாப்பிடுங்க" என்றான். உள்ளே பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

லாய்-குவான் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அவன் 'சாப்பிடுங்க' என்று கூப்பிட்ட மூன்றாவது கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன அந்தச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள்.