பூட்டிக் கிடந்த மாக்கடை

சுபாங்கன் காணாமற்போய் ஐந்து மாதமாகிவிட்டது. பழைய கடைகளைத் தேடிப் போய்ப் படமெடுப்பதில் அவனுக்குப் பைத்தியம். சனிக்கிழமைகளில் சிட்னியில் ரயிலேறி, பஸ் மாறி, தெற்கே யாரும் போகாத சிற்றூர்களில் இறங்கிவிடுவான். கடைசியாகத் தாய் சிவகௌரிக்கு அனுப்பியது ஒரு கடையின் முகப்பு: உரிந்த பச்சைப் பெயின்ற், பாதி அழிந்த எழுத்து. ஊர்ப் பெயர் இல்லை.

அந்தப் படத்தை அவள் காட்டாத ஆளில்லை. போன கிழமைதான் முன்பின் தெரியாத ஒருவர் ஊரைச் சொன்னார். பொலிஸுக்கு அறிவித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளும் கணவன் இந்திரகுமாரும் விடியவே காரில் புறப்பட்டார்கள்.

ஊருக்கு ஒரே கடைத்தெரு. இறைச்சிக் கடையிலும் பேக்கரியிலும் மகனின் படத்தைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தார்கள். பழைய சேணக் கடையில் பழம்பொருள் விற்ற வெள்ளைக்காரப் பெண் மட்டும் படத்தைக் கையில் வாங்கினாள். வந்தான், என்றாள். தெருக்கோடியில் ஒருகாலத்தில் கோதுமை மா விற்ற, அந்தப் பச்சை மாக்கடையைப் பற்றிக் கேட்டானாம். முன்கதவு பூட்டு, பின்கதவைத் தள்ளினால் திறக்கும் என்று தானே சொன்னதாகச் சொல்லும்போது அவள் குரல் தேய்ந்துபோனது. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உள்ளே பலகைத் தரை உளுத்துக் கிடந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் பலகை முறிந்து, கீழே நிலவறை வாய் பிளந்திருந்தது. இந்திரகுமார் ரோச்சை வாங்கிக் குந்தியிருந்து வெளிச்சம் அடித்தார்.

"என்னப்பா தெரியுது?"

அவர் லைற்றை அணைத்தார்.

"நீர் வெளியில போம், கௌரி."

"காலில சப்பாத்து என்ன நிறம்?"

"நீலம்."

பக்கத்து ஊரிலிருந்து பொலிஸ் வர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அதுவரை சிவகௌரி சுவரோடு சாய்ந்து அங்கேயே இருந்தாள். பலகை தாங்காது, எழும்பும் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"இவ்வளவு நாளும் தனியக் கிடந்திட்டான். இனியும் விட்டிட்டு வரேலாது."

கால் முறிந்தபின் இரண்டு நாளாவது உயிரோடு இருந்திருப்பான் என்று பிறகு உடலைப் பரிசோதித்த வைத்தியர் சொன்னார். கோயில் திருவிழாவுக்கு வராமல் ஊர் சுற்றுகிறானே என்ற கோபத்தில், அந்த இரண்டு நாளும் சிவகௌரி எங்கே நிற்கிறாய் என்று அவனுக்கு ஒரு போன்கூட எடுக்கவில்லை.