கழுத்தில் ஒட்டிய கண்ணாடி நூல்

எங்கள் கதிர் சிகிச்சை அறைக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி நூல், அவ்வளவுதான். நோயாளியின் தோலில் ஒட்டிவிட்டால், படுகிற கதிருக்கு ஏற்ப அதன் நுனி மினுங்கும். வெளியே கம்ப்யூட்டரில் அது எண்ணாக வரும். பெரிய டாக்டர் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அது சொல்வதை நம்புவதாக மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

முதலில் ஒட்டியது ஏலக்காரருக்கு. சந்தையில் ஏலம் விடுகிறவர், தொண்டையில் புற்றுநோய். அறுத்தால் குரல் போகும், குரல் போனால் பிழைப்பு போகும் என்று கதிருக்கு வந்தவர். கதிர் மிஞ்சினாலும் அதே கதிதான்.

அன்று கதிரைத் திறந்தேன். திட்டத்தைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுதல் என்றது எண். உடனே நிறுத்தினேன்.

அறை விளக்கின் வெளிச்சம் நூலுக்குள் போயிருக்கும் என்றார் டாக்டர். விளக்கை அணைத்து, சில நொடி மட்டும் கதிரைத் திறந்து பார்த்தோம். அதே பன்னிரண்டு. நூல் நேற்று வந்தது, மெஷினுக்குப் பத்து வருஷ சர்வீஸ் என்றார் அடுத்து. சீனியர் தப்பு செய்ய மாட்டார் அல்லவா! நூலைக் கழற்றி, அளவு பார்க்கும் பிளாஸ்டிக் கட்டையில் ஒட்டிப் பார்த்தேன். மெஷின் கொடுத்த அளவை இம்மி பிசகாமல் காட்டியது.

மெஷினும் யோக்கியம், நூலும் யோக்கியம். மிச்சம் இருந்தது நோயாளிதான். அவரைப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கில்லை, திரையைத்தான் பார்ப்போம்.

போய்ப் பார்த்தேன். தலை அசையாமலிருக்க முதல் வாரம் அவர் அளவுக்கு வார்த்த முகமூடிக்கும் கழுத்துக்கும் நடுவே என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. ஆள் அவ்வளவு இளைத்திருந்தார். தடுக்கச் சதையில்லை, கதிர் கூடுதலாகப் பாய்ந்திருக்கிறது.

இதைத்தான் அவர் மனைவி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், முகமூடி லொடலொடவென்று ஆடுகிறதாம் என்று. நல்லா சாப்பிட வையுங்க என்று அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

புது ஸ்கேன், புது முகமூடி, புதுத் திட்டம் என்று டாக்டர் எழுதினார். தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாம்.

"நான் சொன்னா புலம்பல், தம்பி. நூல் சொன்னா ரிப்போர்ட்டு," என்றார் அந்த அம்மா.

"தப்புதான்க்கா," என்றேன்.

"விடு," என்றார் ஏலக்காரர். கரகரத்தாலும் குரல் இன்னும் குரலாகவே இருந்தது. "அவ ஒரு தரம் சொன்னா, ரெண்டு தரம் சொன்னா. மூணாந்தரம் நூல் சொல்லிச்சு."

நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.