டெரிக்கின் நாற்காலி

டெரிக் எதில் உட்கார்ந்தாலும் அது அவன் முதுகு இருக்கும் திசையில் நகர்ந்து போகும். கல்லூரிகளுக்கிடையிலான துடுப்புப் படகுப் போட்டியில் கோப்பை வாங்கிய மாலை, மேடையில் உட்கார்ந்தவன் நாற்காலியோடு மரத்தடி வரை போய்விட்டான். துடுப்பு போடுகிறவன் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவான். எதிரே சுக்கான் பிடிப்பவர்தான் வழி சொல்வார். படகு கரையேறிவிட்டது, பையன் உடம்பில்தான் ஆறு இன்னும் ஓடுகிறது என்று ராயபுரத்தில் பேசிக்கொண்டார்கள்.

இன்ஜினியராகி எண்ணூரில் ஒரு கம்பெனியில் கிரேன் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். நாற்காலியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிப் பார்த்தான். தரையோடு பெயர்ந்து கூடவே வந்தது. ஒன்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்தான், நின்றபடியே சாப்பிட்டான், பூசையில் எல்லோரும் உட்காரும்போதும் நின்றான். பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் பஜ்ஜி வருவதற்குள் சோபாவோடு வாசலைத் தாண்டிவிட்டான். இனி இவனுக்கு ஒருத்தி அமையவே மாட்டாள் என்று அவன் அம்மா ஆலிஸ் அழுதாள்.

நான்காவது, கல்மண்டபத்தில் பள்ளி ஆசிரியை ஜெமிமாவின் வீடு. அவள் அப்பா யேசுதாஸ் வற்புறுத்தி உட்காரவைத்தார். நாற்காலி கிளம்பியது.

"இன்னா மாப்ளே, பொண்ண பாக்கறதுக்கு முன்னாடியே ரிவர்ஸா?"

டெரிக் பதறித் திரும்பிப் பார்த்தான். படகில் செய்யக்கூடாத தவறு அது. நாற்காலி கோணிக்கொண்டு கதவில் இடித்தது. ஜெமிமா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு எதிரே வந்து கூடவே நடந்தாள்.

"பின்னாடி பாக்காதீங்க, என்னப் பாருங்க. வாசப்படி வருது, காலத் தூக்குங்க. எடது பக்கம் ஆட்டோ நிக்குது, வலது பக்கமா சாயுங்க. ஒங்க வலது இல்ல, என் வலது."

"டீச்சர் சொல்றத கேளு நைனா," என்று மீன்காரி ஒருத்தி கூடையை ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

தெருமுனையில் ஜெமிமா, "போதும், நிறுத்துங்க," என்றாள். நாற்காலி நின்றது.

"இத்தன வருசமா யாரும் நிறுத்தச் சொல்லலியா?"

"எல்லாரும் நாற்காலியத்தான் புடிச்சாங்க. எதிர்ல யாரும் வரல."

பஜ்ஜி தெருமுனைக்கே வந்தது. அவன் உட்கார்ந்தபடி இரண்டு தட்டு சாப்பிட்டான். தை மாதம் கல்யாணம் நடந்தது. ஜெபத்தில் கேட்பதற்கு இப்போது அவனிடம் எதுவும் இல்லை. நன்றி மட்டும் சொல்கிறான். ஞாயிறு மாலைகளில் மகள் ரேச்சலை மடியில் வைத்து அவன் உட்கார, ஜெமிமா எதிரே நடக்க, நாற்காலி காசிமேடு வரை போய்த் திரும்புகிறது. கன்டெய்னர் லாரிகளை நிறுத்தி வழிவிடும் போக்குவரத்துக் காவலர், ஹெல்மெட் போடச் சொல்லலாமா என்று மட்டும் சில நாள் யோசித்தார், பிறகு விட்டுவிட்டார்.