பூப்போட்ட நைலக்ஸ் சேலை

பட்டாசு செய்யும் வெடி ஆபீஸ் தீப்பிடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு டிரஸ்ட் பிடித்திருந்த மாடி அறையில், செத்தவர்களின் வீட்டாருக்குக் கவுன்சிலிங் கொடுக்க உட்கார்ந்திருந்தான் மாயகிருஷ்ணன். அதற்கென்று ஆறு மாதம் படித்து வந்தவன். கீதை, புத்தர், கிரேக்கத்து ஞானிகள், சித்தர்கள் என்று ஆளுக்குச் சில பக்கம் ஒதுக்கி எழுதிய நோட்டு அவன் கையில் இருந்தது. யாருக்கு எது தோதுப்படுமோ அதை எடுத்துப் பேசு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பசுவந்தனைப் பக்கமிருந்து சாமித்துரை தன் மனைவி பேச்சித்தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். தீயில் போனது அவர்கள் மகள் ஜெயப்பிரியா.

"கஞ்சித்தண்ணிகூட எறங்க மாட்டேங்கு சார். ஆஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் ஏத்துனாவ. நாலு வாய் குடிக்க வச்சிருங்க, போதும்." தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

பேச்சித்தாய் தானாகவே ஆரம்பித்தாள்.

"வெடிமருந்து ரூம்புல பருத்திச் சேலைதான் உடுத்தணும் சார். நைலக்ஸு ஒரசுனா பொறி பறக்கும்னு போர்டே வச்சிருக்காவ. அன்னைக்கு அவ பொறந்தநாளு. ஒரு நாள்தானட்டி, பூப்போட்ட புது நைலக்ஸ உடுத்திட்டுப் போன்னேன். மாட்டேன்னா. நாந்தான் ஏசி உடுத்த வச்சேன்."

மாயகிருஷ்ணன் முதல் பக்கத்தை எடுத்தான். "நடக்கணும்னு எழுதியிருந்தது நடந்துட்டுதும்மா."

"எழுதுனவன கூட்டிட்டு வாங்க, கேப்போம். பெத்தவ கையாலயா எழுதுவான்?"

"பிறந்தது எல்லாம் ஒருநாள் போகும்னு புத்தர்..."

"பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுப் போனவருல்லா? அவருக்கு என்ன தெரியும்?"

அவன் அவசரமாகத் தாளைப் புரட்டினான். "நம்ம கையில இருக்கது எது, இல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்னு கிரேக்கத்துல ஒருத்தர் சொல்லியிருக்காரும்மா."

பேச்சித்தாய் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"சேலை எங்கையிலதான சார் இருந்துச்சு."

அந்தப் பக்கத்தை எடுத்திருக்கவே கூடாது.

"படிச்சவுக நீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தீ அந்தச் சேலையிலதான் பிடிச்சுதா?"

அன்று மருந்து அறையில் இருந்த நாலு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. யாருக்குத் தெரியும்?

"இல்லம்மா" என்றான்.

"நீங்க அங்கன இருந்தீயளா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாமித்துரை தூக்குவாளியின் மூடியைத் திறந்து, அவள் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, மறுபடி மூடினார்.

நோட்டில் சித்தர்கள் இன்னும் பாக்கி இருந்தார்கள். மாயகிருஷ்ணன் அதை மூடி வைத்தான்.

"அடுத்த புதன் கூட்டிட்டு வாங்கய்யா."

"அதுவரைக்கும் தாங்குவாளா சார்?" என்றார் சாமித்துரை.